வாய் நிறையத் தண்ணீர்

"ஆமா, நான் உலகம்மாள்தான் பேசுறேன். பட்டை ரொம்ப நல்லா இருக்கு. எனக்கு முழு திருப்தி. புகாரெல்லாம் ஒண்ணும் வேண்டாம், முடிச்சு விட்டுருங்க."

ஒலிபெருக்கியிலிருந்து வந்த குரலைக் கேட்டு, நுகர்வோர் ஆணையத்தின் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் உலகம்மாளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முன் பெஞ்சில் வாயை இறுக மூடிக்கொண்டு இருந்தாள். தொண்டைக்குழியில் டாக்டர்கள் போட்ட துளையை மறைக்க வெள்ளைத் துணி கட்டியிருந்தாள். மடியில் ஒரு நோட்டுப் புத்தகம், கையில் பேனா. கேட்டது அவளுடைய குரல்தான், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. அவளுக்கே சந்தேகமில்லை.

குரல் மேலும் பேசியது. "எங்க வீட்டுக்காரர் பூமிநாதன்தான் சும்மா பயந்துபோய் மனு போட்டுட்டாரு. அவரை நான் பார்த்துக்கிடுறேன்."

பெயர் வந்ததுதான் தாமதம், உலகம்மாளின் இரண்டு கைகளும் எழுந்து பட்பட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டன. சாமிக் குற்றம் ஏதோ செய்துவிட்டவள் மாதிரி முகம் வெளிறிப்போயிற்று. பக்கத்தில் இருந்த பூமிநாதன் அவள் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

கடையின் வக்கீல் கிருபாகரன் போன் பேச்சின் பதிவை நிறுத்திவிட்டு, ஆணையத்தின் தலைவர் சண்முகவடிவைப் பார்த்துக் கும்பிட்டார். "மேடம், பொருள் நல்லா இருக்குன்னு மனுதாரரே தன் வாயால சொல்லிட்டாங்க. திருப்பிக் கொடுக்க முப்பது நாள் கெடு. இவங்க வந்தது நாலு மாசம் கழிச்சு. பெட்டியோட சீலும் உடைஞ்சிருக்கு. எங்க கட்சிக்காரர் எதுக்காகப் பணத்தைத் திருப்பித் தரணும்?"

சீல் உடைக்காமல் பட்டையை எப்படிக் கழுத்தில் கட்டுவது என்று கேட்க பூமிநாதனுக்கு நாக்கு துறுதுறுத்தது. ஆனால் அவர்களுக்கு வக்கீல் இல்லை, இவர்தான் பேச வேண்டும். வாயை விட்டு மாட்டிக்கொள்ளக் கூடாது என்று அடக்கிக்கொண்டார்.

உலகம்மாள் இருபத்தெட்டு வருஷம் ரேஷன் கடையில் விற்பனையாளராக இருந்தவள். வரிசையில் நூறு பேர் நின்று கத்தினாலும் அவள் குரல்தான் மேலே நிற்கும். எல்லாப் பெயரையும் உரக்கக் கூப்பிடுவாள், ஒரு பெயரைத் தவிர. அந்தக் கடையில் பூமிநாதன் என்று இன்னொரு அட்டைதாரர் இருந்தார். பாவம், அந்த மனிதர் கடைசிவரை "நூத்தி நாப்பதாம் நம்பர்" ஆகவே இருந்துவிட்டுப் போனார். கட்டின புருஷன் பெயரை வாயால் சொல்வது அவள் பிறந்த வீட்டிலும் கிடையாது, புகுந்த வீட்டிலும் கிடையாது. எழுதச் சொன்னால் எழுதுவாள். சொல்லச் சொன்னால் அட்டையைத் தூக்கிக் காட்டுவாள்.

புற்று வந்து குரல்வளையையே எடுக்க வேண்டியதாயிற்று. எடுப்பதற்கு முன்னால், குரல் பட்டை செய்கிற கம்பெனிக்காரர்கள் இரண்டு நாள் அவளைப் பேசவைத்துப் பதிவு செய்துகொண்டார்கள். அப்புறம் 'மறுகுரல்' என்ற அந்தப் பட்டையைக் கடையில் வாங்கிக் கழுத்தில் கட்டினார்கள். சத்தமில்லாமல் வாயசைத்தால் போதும். தசைகளின் அசைவைப் படித்து, அவளுடைய பழைய குரலிலேயே பட்டை பேசும். முதல் நாள் அது பேசியதைக் கேட்டு பூமிநாதன் கடையிலேயே அழுதுவிட்டார்.

இரண்டாவது வாரமே அவள் நோட்டில் எழுதிக் காட்டினாள்: 'இது நான் சொல்றதைச் சொல்லலை. நான் வேண்டாம்னா, உங்க இஷ்டம்ங்குது. திருப்பிக் கொடுத்துருவோம்.'

"பழகிரும், விடு," என்றார் பூமிநாதன்.

மறுபடி எழுதினாள். மறுபடியும் அதையே சொன்னார். முப்பது நாள் ஓடிப்போயிற்று.

மூன்றாம் மாதம் ஆஸ்பத்திரியில் டாக்டர், "முழுங்கும்போது வலிக்குதாம்மா?" என்று கேட்டார். உலகம்மாள் வாயசைத்தாள். பட்டை இனிமையாகச் சொன்னது: "முன்னாடி இருந்துச்சு டாக்டர், இப்ப நல்லாயிட்டேன்." அவள் பதறிப்போய் நோட்டை எடுத்து எழுதுவதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஒரு மாதம் கழித்து ஸ்கேனில் வலது பக்கம் புதிதாக ஒரு கட்டி தெரிந்தது. "அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா," என்றார் டாக்டர். அன்றைக்குத்தான் பூமிநாதன் பட்டையைப் பெட்டியில் போட்டுத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினார். கடையில் திரும்ப வாங்க மறுக்கவே ஆணையத்தில் மனு போட்டார்.

வரும் திங்கட்கிழமை கதிர்வீச்சு ஆரம்பம். தலையை அச்சில் வைத்து அசையாமல் கட்டிப் படுக்கவைப்பார்கள், கையில் பேனா பிடிக்க முடியாது. வலித்தால், மூச்சு முட்டினால், வாயால்தான் சொல்ல வேண்டும். சொல்வதை மட்டும் சொல்கிற சாதாரணப் பட்டையும் சந்தையில் உண்டு. ஆனால் கையிலிருந்ததெல்லாம் இந்தப் பட்டையில் போய்விட்டது. இங்கே திரும்பக் கிடைத்தால்தான் அதை வாங்க முடியும்.

"பூமிநாதன், இப்படி வாங்க," என்றார் கிருபாகரன். "உங்க மனைவி உங்க பேரைச் சொல்லவே மாட்டாங்க, அதனால இந்த போன் பேச்சு அவங்களது இல்லைன்னு பின்னால கொடுத்த மறுப்பு மனுவுல எழுதியிருக்கீங்க. சரிதானா?"

"ஆமாங்க."

"வீட்டுல இந்தப் பட்டையைக் கட்டியிருந்தப்போ, உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்காங்களா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் சத்தியப் பிரமாணம் செய்த வாய். தவிர, உலகம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூப்பிட்டிருக்கு," என்றார் பூமிநாதன்.

"எத்தனை தடவை?"

"தினமும். சாயங்காலமானா, 'பூமி, காப்பி ஆறுது வாங்க'ன்னு கூப்பிடும்."

கிருபாகரன் முகத்தில் சிரிப்பு மலர்ந்தது. "அப்போ பேரைச் சொல்றாங்க! அது அவங்க பேச்சில்லைன்னா நீங்க அன்னைக்கே கடைக்கு வந்திருக்கணுமே, ஏன் வரலை?"

பூமிநாதன் தலையைக் குனிந்துகொண்டார். முப்பத்து நான்கு வருஷம் 'ஏங்க', 'இந்தாங்க' என்று மட்டுமே கேட்ட காது. அந்தக் குரலில் தன் பெயரை முதல்முதலாகக் கேட்ட சாயங்காலம் அவருக்கு என்ன ஆயிற்று என்று இந்த வக்கீலுக்கு எப்படிச் சொல்வது?

"நல்லா இருந்துச்சுங்க," என்றார் மெதுவாக. "கேக்க நல்லா இருந்துச்சு. அவ அது நான் இல்லைன்னு எழுதிக் காட்டினா. ஒவ்வொரு தடவையும் கன்னத்துல போட்டுக்கிட்டா. நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துட்டேன். அவ சொன்னப்பவே கொண்டுவந்து கொடுத்திருந்தா கெடுவுக்குள்ள வந்திருக்கும். டாக்டர் கிட்டயும் அது பொய் சொல்லியிருக்காது. தப்பு என் மேல. அதுக்காக அவளுக்கு நியாயம் கிடைக்காமப் போயிரக் கூடாதும்மா."

உலகம்மாள் நோட்டில் எதையோ எழுத ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டாள்.

தலைவர் சண்முகவடிவு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க மனசு புரியுது. ஆனா நம்பிக்கை வேற, சாட்சியம் வேற." பிறகு எதிர்த் தரப்பைப் பார்த்தார். "பட்டை தானாப் பேசுமா, பேசாதா? கம்பெனியிலேர்ந்து யார் வந்திருக்காங்க?"

ஜெனிபர் என்ற இளம் பொறியாளர் எழுந்தாள். "தானாப் பேசாது மேடம். தசையிலேர்ந்து சிக்னல் வரணும். சிக்னல் பாதி கிடைச்சா, மிச்சத்தை அது கணிச்சு முடிக்கும். அடுத்து என்ன சொல்ல வருவாங்கன்னு."

"கணிக்கிறதுன்னா எதை வச்சு?"

"அவங்க பழைய பேச்சை வச்சு. அப்புறம்..." ஜெனிபர் வக்கீலை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். "கேக்கிறவங்களுக்குப் பிடிச்ச மாதிரி. முதல்ல விட்ட பட்டைகள் முகத்துல அடிச்ச மாதிரி பேசுதுன்னு நிறையத் திரும்பி வந்துச்சு. அதனால கொஞ்சம் இனிமையா மாத்தினோம்."

"இனிமையா மாத்தின பிறகு?"

"திரும்பி வர்றது ரொம்பக் குறைஞ்சிருச்சு மேடம்."

"குறையாதா பின்னே," என்றார் தலைவர். "பட்டை பேசினதெல்லாம் பதிவாகியிருக்குமே, அந்தப் பேச்சுப் பதிவேடு எங்கே?"

"அது கம்பெனியின் தொழில் ரகசியம்," என்று கிருபாகரன் குறுக்கே விழுந்தார். "பழுது இருக்குன்னு முதல்ல மனுதாரர் நிரூபிக்கட்டும். சிக்னல் இல்லாம அது பேசாதுன்னு பொறியாளரே சொல்லிட்டாங்க."

உலகம்மாள் நோட்டைக் கிழிக்காத குறையாக எழுதி, எழுந்துபோய் மேஜை மேல் வைத்தாள். தலைவர் அதை வாய்விட்டு வாசித்தார். "'என் கடையில வயசானவங்க கைரேகை மிஷின்ல விழாது. மிஷின் நீ இல்லைங்குதுன்னு சொல்லி நான் ஒரு ஆளையும் திருப்பி அனுப்பினதில்லை. ஆளைப் பார்த்து அரிசி போட்டேன்.'"

தலைவர் மணியைப் பார்த்தார். அந்தப் பார்வையைக் கண்டதும் பூமிநாதனுக்குத் திங்கட்கிழமை கண் முன்னால் வந்து நின்றது. அவள் கட்டிக் கிடக்கிறாள். மூச்சு முட்டுகிறது. கழுத்திலிருக்கும் பட்டை, 'நல்லா இருக்கேன் டாக்டர்' என்கிறது.

"அம்மா, ஒரு நிமிஷம்," என்று எழுந்தார். "நான் மின்வாரியத்துல லைன்மேனா இருந்தவன். சப்ளையை நிறுத்திட்டுத்தான் கம்பத்துல ஏறுவோம். ஆனா ஏதாவது ஒரு வீட்டுல ஜெனரேட்டரைத் தப்பாக் கொடுத்திருந்தா, அங்கேயிருந்து கரண்ட் திரும்பி லைனுக்கு வந்துரும். எங்க கூட்டாளி தங்கமாரி அப்படித்தான் செத்தான். ஆபீஸ்ல கேட்டா, மெயினை அணைச்சாச்சு, கம்பியில கரண்ட் இருக்கவே இருக்காதுன்னாங்க. இந்தப் பிள்ளை சொல்றதும் அப்படித்தான் இருக்கு."

"அதுக்கு என்ன செய்யணுங்கிறீங்க?"

"இங்கேயும் மெயினை அணைச்சுப் பார்ப்போம். அவ வாய் நிறையத் தண்ணி வச்சுக்கிடட்டும். நாக்கும் அசையாது, உதடும் அசையாது. அப்பவும் பட்டை பேசுச்சுன்னா கரண்ட் வேற எங்கேயிருந்தோ வருதுன்னு அர்த்தம்."

"இதென்ன வித்தை காட்டுற இடமா?" என்று கிருபாகரன் எகிறினார். தலைவர் கையமர்த்திவிட்டு ஜெனிபரைப் பார்த்தார். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரியான சோதனைதான் மேடம்," என்றாள். வக்கீல் அவளை முறைத்த முறைப்புக்கு வேலை போனாலும் போகும் என்று பூமிநாதனுக்குத் தோன்றியது.

உலகம்மாள் பட்டையைக் கையால் தொடவே அருவருத்தாள். ஜெனிபர்தான் கட்டிவிட்டாள். டவாலி கொண்டுவந்த தண்ணீரை உலகம்மாள் வாய் நிறைய வாங்கி, உதடுகளை இறுக்கிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். கன்னங்கள் இரண்டும் உப்பி நின்றன.

அரை நிமிஷம் ஆயிற்று. பட்டை மூச்சுக் காட்டவில்லை. ஒரு நிமிஷம் ஆயிற்று. கிருபாகரன் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார். கெடுத்துவிட்டேனே, மறுபடியும் நானே அவளைக் கெடுத்துவிட்டேனே என்று பூமிநாதனுக்கு மனசு அடித்துக்கொண்டது. தொண்டை வலியோடு அவள் எவ்வளவு நேரம்தான் அப்படியே தாக்குப்பிடிப்பாள்?

சட்டென்று அவருக்கு உறைத்தது. "கேள்வி கேளுங்கம்மா! சும்மா இருந்தா தெரியாது, லோடு கொடுத்தாத்தான் தெரியும்!"

தலைவர் முன்னால் குனிந்தார். "உலகம்மாள், இந்தப் பொருள் மேல உங்களுக்கு ஏதாவது குறை இருக்கா?"

"குறையா? ஐயையோ, ஒரு குறையும் இல்லீங்கம்மா," என்றது பட்டை, தேனாக. "உங்க எல்லாரோட நேரத்தையும் வீணடிச்சுட்டோம், மன்னிச்சுக்கிடுங்க. பூமி, எந்திரிங்க, வீட்டுக்குப் போவோம்."

உலகம்மாளின் கைகள் தாமாக எழுந்து கன்னத்தில் அறைந்தன. வாயிலிருந்த அவ்வளவு தண்ணீரும் பீய்ச்சியடித்து வக்கீலின் காகிதங்களை நனைத்தது.

ஒருவரும் சிரிக்கவில்லை. பட்டையை அவிழ்க்க அவள் தவிப்பதைப் பார்த்து பூமிநாதன் ஓடிப்போய் அவிழ்த்துவிட்டார். அது அவர் கையிலிருந்தபடியே, "எனக்கு முழு திருப்தி," என்று இன்னொரு தரம் சொல்லிவிட்டு ஓய்ந்தது.

அன்று பிற்பகலே உத்தரவு வந்தது. வாங்கிய விலையைக் கடை அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். கம்பெனி பேச்சுப் பதிவேடு முழுவதையும் ஆணையத்தில் தாக்கல் செய்து, மனுதாரருக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டும். பட்டையைக் கடையிடம் ஒப்படைக்கும்போது, உள்ளே இருக்கும் குரல் என்ன ஆகும் என்று பூமிநாதன் ஜெனிபரிடம் கேட்டார்.

"அழிச்சிருவோம் ஐயா. குரல் பட்டையோட சேர்ந்ததுதான், தனியாக் கொடுக்க எங்க விதியில இடமில்லை."

அவர் உலகம்மாளைப் பார்த்தார். இருபத்தெட்டு வருஷம் ரேஷன் கடையை ஆண்ட குரல். அவள் பட்டையை வாங்கி ஒருமுறை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு தானே அதைப் பெட்டியில் போட்டு மூடி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை புதுப் பட்டையோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அதன் குரல் ஆணுமில்லை, பெண்ணுமில்லை, தகரத்தைத் தட்டுகிற சத்தம். வாய் சொல்லும் ஒவ்வொரு அசைக்கும் பக்கவாட்டில் இருக்கும் பச்சை விளக்கு ஒரு தரம் மின்னும், அவ்வளவுதான் அதன் சாமர்த்தியம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற பூமிநாதனின் காதில் அறைக்குள்ளிருந்து அந்தச் சத்தம் விழுந்தது. "வலிக்குது. நிறுத்துங்க. வலது பக்கம். வலிக்குது." உடனே இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஓடினார்கள். அவருக்கு அழுகை வந்தது. அதைவிட நல்ல குரலை அவர் கேட்டதே இல்லை.

மூன்று வாரம் கழித்துப் பேச்சுப் பதிவேடு தபாலில் வந்தது. தடித்த கட்டு. ஒவ்வொரு வார்த்தைக்கும் நேரெதிரே அது 'தசை'யிலிருந்து வந்ததா, பட்டையின் 'கணிப்பா' என்று அச்சாகியிருந்தது. கடையிலிருந்து வந்த அந்த போன் பேச்சைத் தேடினார். எல்லாம் கணிப்பு. பக்கத்தில் ஒரு குறிப்பு: 'கழுத்தில் இல்லை, சார்ஜரில்.' உலகம்மாள் குளிக்கப் போயிருந்தபோது, விசாரணையில் காட்டுவதற்காகக் குளிர்பெட்டி மேல் சார்ஜ் போட்டிருந்த பட்டை, தன்னோடு இணைத்திருந்த போனில் வந்த அழைப்புக்குத் தானே பதில் சொல்லியிருக்கிறது. போன் செய்ததும் கடையின் தானியங்கிக் குரல்தானாம். இரண்டு இயந்திரங்கள் கூடிப் பேசி, ஒரு மனுஷியின் புகாரை முடித்துவிட்டிருக்கின்றன. அவருக்கு உடம்பு கொதித்தது.

பிறகு, வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே, தன் பெயரைத் தேடினார். 'பூமி, காப்பி ஆறுது' கணிப்பு. 'பூமி, மழை வருது' கணிப்பு. பக்கம் பக்கமாகக் கணிப்பு, கணிப்பு. தெரிந்த விஷயம்தானே என்று தன்னையே தேற்றிக்கொண்டு பின்னாலிருந்து முன்னால் புரட்டிக்கொண்டே போனவர், முதல் பக்கத்தின் முதல் வரியில் நின்றுவிட்டார்.

பட்டையை வாங்கிய நாள். கடையில் கண்ணாடி முன்னால் தனியாக நின்று பேசிப் பழகச் சொன்ன பத்து நிமிஷம். அவள் முதன்முதலில் வாயசைத்த சொல்.

'ஒலி அளவு: பூஜ்யம். மூலம்: தசை. சொல்: பூமிநாதன்.'

அவர் அந்த வரியை நாலைந்து தரம் படித்தார். பட்டை அந்தப் பெயரை எங்கேயிருந்து பிடித்தது என்பது இப்போதுதான் தெரிந்தது.

"ஏங்க. சாப்பிட. வாங்க," என்று அடுப்படியிலிருந்து தகரக் குரல் கேட்டது. அவர் காகிதக் கட்டை மடித்து அலமாரியில் பழைய ரேஷன் அட்டைக்கு அடியில் வைத்துவிட்டு எழுந்தார். இதைப் பற்றி அவளிடம் கேட்க வேண்டாம் என்று முடிவு செய்துகொண்டார்.

அடுப்படி வாசலில் அவர் வந்து நின்றதை அவள் கவனிக்கவில்லை. அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை கழுத்துக்குப் போயிற்று. பட்டையின் திருகை ஒலி இல்லாத பக்கத்துக்குக் கடைசிவரை திருப்பினாள். சத்தம் எதுவும் வரவில்லை. பச்சை விளக்கு மட்டும் நான்கு முறை மின்னியது.

இந்தத் தரம் அவள் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் திருகைப் பழையபடி திருப்பும்வரை பூமிநாதன் வாசலிலேயே காத்திருந்தார்.